தரைக்குக் கீழே ஒரு குயின்ஸ்

மன்ஹாட்டனில் கிளம்பும் 7ஆம் எண் ரயில், கிழக்கு ஆற்றின் அடியில் புகுந்து மறுகரையில் மேலேறியதும் கூரைகளின் உயரத்தில் ஓட ஆரம்பிக்கிறது. உட்சைடு தாண்டினால் பிலிப்பினோ உணவகங்களின் பலகைகள். 74ஆம் தெருவில் இறங்கினால் வங்காள மளிகைக் கடைகள், நகைக்கடைகள், நேபாளத்து மோமோ வண்டிகள். கொரோனா என்ற பகுதியை நெருங்கும்போது எக்வடோரும் மெக்சிகோவும். கடைசி நிறுத்தமான ஃபிளஷிங்கில் பெயர்ப்பலகைகளில் பாதிக்கு மேல் சீன எழுத்து. நியூயார்க் நகரின் ஐந்து பெரும் பிரிவுகளில் ஒன்றான குயின்ஸில் சுமார் 24 லட்சம் பேர் வசிக்கிறார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் வேறொரு நாட்டில் பிறந்தவர்கள்.

ரயில் ஜன்னலில் தெரிவது மாடிகளும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளும்தான். அந்த வீடுகளின் அடியில் இன்னொரு வரிசை வீடுகள் இருக்கின்றன. கட்டட அனுமதிப் பத்திரத்தில் அவற்றுக்குத் தனி வீடு என்ற கணக்கில்லை. தபால்பெட்டி தனியாக இருக்காது. அழைப்பு மணியில் பெயர் இருக்காது. பக்கவாட்டுச் சந்தில் நாலைந்து படி கீழே இறங்கினால் ஒரு கதவு, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் சொல்வது ‘பேஸ்மென்ட்’. நகரம் முழுவதும் இப்படிக் குறைந்தது 50,000 குடித்தனங்கள் இருக்கலாம் என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் மதிப்பீடு. உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், வீட்டு வேலை செய்கிறவர், டாக்சி ஓட்டுகிறவர் என நகரத்தை நடத்துகிறவர்கள் பலர் இங்கேதான் தூங்குகிறார்கள்.

2021 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு இந்த வீடுகள் உலகச் செய்தி ஆயின.

லூசியானாவில் கரையேறிய ஐடா புயல், வலுவிழந்து வடகிழக்காக நகர்ந்து அன்றிரவு நியூயார்க்கின் தலைக்கு மேல் வந்து சேர்ந்தது. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம், அதாவது 80 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதற்கு முந்தைய சாதனையான 1.94 அங்குலம் பதிவாகிப் பதினொரு நாள் மட்டுமே ஆகியிருந்தது. நகரின் பாதாளச் சாக்கடை, மணிக்கு சுமார் 1.75 அங்குல மழையைத் தாங்கும்படி திட்டமிடப்பட்டது. பழைய பகுதிகளில் அந்த அளவுக்குக்கூட வசதி கிடையாது. ஃபிளஷிங் மெடோஸ் பூங்காவில் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் நடந்துகொண்டிருந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங் அரங்கின் கூரை மூடியிருந்தும் காற்று மழையை உள்ளே அடித்துத் தள்ள, ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கிருந்து சில கிலோமீட்டர் சுற்றளவில் அதே நேரம் பேஸ்மென்ட்களில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நகரில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் சிக்கியவர்கள், பெரும்பாலோர் குயின்ஸ்வாசிகள். இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து 86 வயது முதியவர்வரை அந்தப் பட்டியலில் உண்டு.

உட்சைடில் ரயிலைவிட்டு இறங்கித் தெருக்களில் நடந்தால் ஏன் இப்படி ஆயிற்று என்பது கண்ணுக்கே புலப்படும். தெரு மட்டத்தில் ஒரு சிறு ஜன்னல். அதற்குத் திருட்டுப் பயத்தில் இரும்புக் கம்பி. உள்ளே தாழ்ந்த கூரை, ஒரு மூலையில் கொதிகலன், தரையில் வடிகால் துளை. வெளியே வர ஒரே ஒரு கதவு, அதுவும் படிக்கட்டின் அடிவாரத்தில். தெருவில் ஓடும் தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி அந்தக் கதவின் முன்தான் தேங்கும். மூன்றடி அகலக் கதவின் வெளிப்புறம் 60 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதைத் தள்ளும் விசை சுமார் 160 கிலோ எடைக்குச் சமம். தண்ணீர் ஒரு மீட்டர் ஆனால் அது 450 கிலோ. கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் எந்த மனிதராலும் அதை அசைக்க முடியாது. உட்பக்கம் திறப்பதாக இருந்தாலோ, தாழ் விட்டுக்கொடுத்த கணத்தில் மொத்தத் தண்ணீரும் அறைக்குள் பாயும். இன்னொரு வழி இருந்தால் பிழைக்கலாம். கம்பி போட்ட ஜன்னல் வழியாகாது.

தண்ணீர் வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. நகரின் சுமார் 60 சதவீதப் பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. அந்தக் குழாய் நிரம்பினால் தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பி, தெருவில் மிகத் தாழ்ந்திருக்கும் கழிவறை வழியாகவும் தரைத் துளை வழியாகவும் கொப்பளிக்கும். பிளம்பர்கள் ‘நான்-ரிட்டர்ன் வால்வு’ என்று சொல்லும் சாதனம் இதைத் தடுக்கும். வீட்டிலிருந்து தெருவை நோக்கி வெளியேறும் கழிவுக் குழாயில் அதைப் பொருத்துகிறார்கள். உள்ளே கீலில் தொங்கும் ஒரு மூடி. வீட்டிலிருந்து தண்ணீர் போனால் திறக்கும். தெருவிலிருந்து திரும்பினால் அடைத்துக்கொள்ளும். இதில் ஒரு சங்கடம் உண்டு. மூடி அடைத்திருக்கும் நேரத்தில் மாடியில் ஒருவர் குளித்தால் அந்தத் தண்ணீருக்குப் போக்கிடமில்லாமல் பேஸ்மென்ட்டிலேயே வந்து நிற்கும். ஆக, மாடியில் இருப்பவருக்குக் கீழே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும், மழை நேரத்தில் குழாயைத் திறக்காமல் இருக்கவும் வேண்டும். மறைத்துவைத்த குடித்தனத்தில் இந்த ஏற்பாடு நடக்காது.

ஏன் மறைக்கிறார்கள்? வீட்டுக்காரரும் பெரும்பாலும் குடியேறி வந்தவர்தான். இரண்டு வேலை பார்த்து முன்பணம் சேர்த்து வாங்கிய வீடு. கடன் தவணையைக் கட்ட பேஸ்மென்ட் வாடகை கைகொடுக்கிறது. அதிகாரிக்குத் தெரிந்தால் அபராதம். குடியிருப்பவர் புகார் செய்தால் அவருக்கே வெளியேற்ற உத்தரவு வரும். இருவரும் பேசாமல் இருப்பதில்தான் இருவரின் பிழைப்பும் ஓடுகிறது. ஜாக்சன் ஹைட்ஸில் தெற்காசியக் குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினைகளுக்காக 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘சாயா’ என்ற அமைப்பு, ஐடாவுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சொல்லிவருவது இதைத்தான்: இந்த வீடுகளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, பாதுகாப்பாக்கி, வாடகைக்கு விட வழி செய்யுங்கள்.

எச்சரிக்கையும் எல்லோருக்கும் எட்டவில்லை. நியூயார்க் நகருக்கு முதன்முறையாகத் திடீர் வெள்ள அவசரநிலை அறிவிக்கப்பட்ட இரவு அது. கைபேசிகள் அலறின. தேசிய வானிலை மையத்தின் அவசரச் செய்தி ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டுமே இருந்தது. நேபாளியோ, வங்காளமோ, சீனமோ மட்டும் தெரிந்தவருக்கு அது வெறும் சத்தம். வெள்ளம் வடிந்த பிறகும் பாகுபாடு தொடர்ந்தது. குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் பேரிடர் நிதி கிடைக்காது என்பதால், மாநிலமும் மாநகராட்சியும் சேர்ந்து அவர்களுக்கென்று 2.7 கோடி டாலர் தனி நிதி ஒதுக்க வேண்டி வந்தது.

கொரோனாவைத் தாண்டியதும் ரயில் பாதையின் தென்புறம் பச்சைப் பசேலென்று விரிகிறது ஃபிளஷிங் மெடோஸ். நூறு ஆண்டுகளுக்கு முன் இது ஒரு கழிமுகச் சதுப்பு. புரூக்ளின் அடுப்புகளின் சாம்பலைக் கொட்டிய குப்பைமேடு. 1939 உலகக் கண்காட்சிக்காக நகரின் அன்றைய பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் அதைச் சமன்செய்து பூங்காவாக்கினார். ஓடிய ஆற்றின் ஒரு பகுதி குழாய்க்குள் போனது. குயின்ஸின் வரைபடமெங்கும் இதே கதைதான். ஃபிளஷிங்கின் தெற்கே கிஸ்ஸீனா ஓடை மண்ணுக்கடியில் மறைந்து, அதன் தடம் இன்று வரிசையான பூங்காக்களாகக் கிடக்கிறது. நகரின் மறைந்த நீர்நிலைகளைத் தேடித் தொகுத்து செர்கி கடின்ஸ்கி 2016ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். ஓடையை மூடிவிடலாம், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். பெருமழையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. அந்த வழியில் பிற்பாடு யார் வீடு கட்டினார்களோ, யார் அதன் அடியில் வாடகைக்கு வந்தார்களோ, அவர்கள் தலையில்தான் அது விடிகிறது.

இந்த ஃபிளஷிங்கில் ஒரு தமிழ்த் தடமும் உண்டு. பௌன் தெருவில் 1977ல் குடமுழுக்குக் கண்ட கணபதி கோயிலை எழுப்பியவர்களில் முதன்மையானவர் செட்டிநாட்டைச் சேர்ந்த அழகப்பா அழகப்பன். கோயிலின் கீழ்த்தளத்து உணவகத்தில் தோசைக்கு வரிசை நிற்கிறது. இன்னும் தெற்கே ரிச்மண்ட் ஹில்லில் கயானாவிலிருந்தும் டிரினிடாடிலிருந்தும் வந்த இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒரு சிறு பகுதியினரின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள். மாரியம்மன் வழிபாடு அவர்களிடம் இன்றும் இருக்கிறது. இரண்டு முறை கடல் கடந்த அந்தச் சமூகத்தையும் ஐடா விட்டுவைக்கவில்லை.

கிஸ்ஸீனா புலவார்டு வழியாக ஜமைக்காவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியெங்கும் நிலம் ஏறி இறங்குகிறது. ஜமைக்காவுக்குக் கிழக்கே ஹோலிஸில் 183ஆம் தெரு ஒரு தாழ்வான இடத்தில் முடங்கிக் கிடக்கிறது. நாலு பக்கத்து மழையும் அங்கேதான் வந்து சேரும். ஐடாவுக்கு முன்பே அங்கே பலமுறை வெள்ளம் வந்திருக்கிறது, குழாய் வேலைகளும் நடந்திருக்கின்றன. அப்படியும் அன்றிரவு அந்தத் தெருவில் உயிர்ச்சேதம். இத்தகைய இடத்துக்குப் பெரிய குழாய் போட்டால் மட்டும் போதாது. தண்ணீர் பள்ளத்துக்கு வந்து சேரும் முன்பே மேட்டிலேயே அதை நிறுத்திவைக்க இடம் வேண்டும்.

அந்த இடத்தைத் தேடும் முயற்சிதான் தெற்கு ஜமைக்காவில் பார்க்க வேண்டியது. 1940ல் திறக்கப்பட்ட சவுத் ஜமைக்கா ஹவுசஸ், அரசு வாடகைக் குடியிருப்பு. செங்கல் கட்டடங்கள், நடுவே புல்வெளி, கூடைப்பந்துத் திடல். அந்தத் திடலைச் சுற்றிலுமுள்ள தரையைவிடத் தாழ்த்தி, ஓரத்தில் உட்காரப் படிகள் அமைத்து, பெருமழையின்போது அதையே குளமாக்கிக்கொள்ளும் திட்டத்தை வீட்டுவசதி வாரியமும் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து வகுத்தன. மற்ற நாட்களில் பிள்ளைகள் பந்து விளையாடலாம். மேகவெடிப்பு மழை பெய்யும் ஓரிரு மணி நேரம் மட்டும் தண்ணீர் அங்கே தங்கி, குழாயில் இடம் கிடைத்ததும் மெதுவாக வடியும்.

யோசனை வந்தது கோபன்ஹேகனிலிருந்து. 2011 ஜூலை 2ஆம் தேதி அங்கே இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரத்தை முடக்கியது. அடுத்த ஆண்டே அந்த நகரம் ஒரு மேகவெடிப்புத் திட்டம் தீட்டியது. மொத்த மழைக்கும் குழாய் போடுவதைவிட, பூங்காவையும் சதுக்கத்தையும் தெருவையுமே தண்ணீரைத் தாங்கும்படி செதுக்குவது மலிவு என்று கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுத்தார்கள். நியூயார்க் அந்தப் பாடத்தைக் கடன் வாங்கியிருக்கிறது. 2023ல் கொரோனா, கிஸ்ஸீனா பூங்கா, பிரான்க்ஸின் பார்க்செஸ்டர், புரூக்ளினின் கிழக்கு நியூயார்க் என்று மேலும் நான்கு பகுதிகளை இத்தகைய திட்டங்களுக்காக அறிவித்தது.

தெருவளவில் இதன் சிறு வடிவம் மழைத் தோட்டம். நடைபாதையோரம் சுமார் 20 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு பாத்தி. ஓரக்கல்லில் ஒரு இடைவெளி. அதன் வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே திரும்பும். நுழைவாயிலில் பதித்த கற்கள் குப்பையையும் மணலையும் நிறுத்தும். அடியில் நீரை வேகமாக உறிஞ்சும் மண், அதற்கும் கீழே சரளை. நிரம்பினால் எதிர்முனை இடைவெளி வழியாகத் தண்ணீர் மறுபடி தெருவுக்கே வந்துவிடும். ஒரு மழையில் ஒரு பாத்தி சுமார் 9,500 லிட்டர் வரை தாங்கும். 48 மணி நேரத்துக்குள் வடிந்தும்விட வேண்டும், இல்லாவிட்டால் கொசு பெருகும். நகரில் இப்படிப் பல ஆயிரம் பாத்திகள் இருக்கின்றன. குப்பை அடைத்துக்கொண்ட நுழைவாயிலை யார் சுத்தம் செய்வது என்பதில்தான் அவற்றின் ஆயுள் இருக்கிறது.

தென்கிழக்குக் குயின்ஸில் மழைத் தோட்டம் எல்லா இடத்திலும் பலிக்காது. காரணம் மேலே இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது. பல பத்தாண்டுகள் ஜமைக்கா வாட்டர் சப்ளை என்ற தனியார் நிறுவனம் இங்கே கிணறுகளிலிருந்து குடிநீர் எடுத்து விநியோகித்தது. 1996ல் மாநகராட்சி அதை எடுத்துக்கொண்டு மலைப்பகுதி நீர்த்தேக்கங்களின் தண்ணீரைக் கொடுக்க ஆரம்பித்தது. கிணறுகள் படிப்படியாக ஓய்ந்தன. நிலத்தடி நீர் பழைய மட்டத்துக்கு ஏறியது. நீர்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் கட்டிய பேஸ்மென்ட்களில் மழையே இல்லாத நாளிலும் தண்ணீர் ஊறுகிறது. பம்பு ஓடாத வீடு அபூர்வம். மழைநீர்க் குழாய்கள் போதாமலே வளர்ந்த இந்தப் பகுதிக்காக மாநகராட்சி இரண்டு பில்லியன் டாலருக்கும் மேல் ஒதுக்கியிருக்கிறது. தெரு தெருவாகத் தோண்டும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது.

மேற்கே, குயின்ஸும் புரூக்ளினும் சந்திக்கும் எல்லையில் பயணத்தின் மிகத் தாழ்ந்த இடம் வருகிறது. ரூபி, எமரால்ட், ஆம்பர், சஃபையர் என்று ரத்தினங்களின் பெயரில் தெருக்கள். அக்கம்பக்கத்தார் இந்தப் பகுதிக்கு வைத்த பெயர் ‘தி ஹோல்’. சுற்றியுள்ள சாலைகளைவிடப் பல அடி பள்ளம். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாமல் வீட்டுக்கு வீடு உறைகிணறு போன்ற கழிவுத் தொட்டிகள். மழை நின்று பல நாளான பின்பும் தெருவில் தண்ணீர் நிற்கும். உலகின் பணக்கார நகரங்களில் ஒன்றின் உள்ளே இருக்கிற தெருக்கள் இவை.

இங்கே மாநகராட்சி சமீப ஆண்டுகளில் குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து திட்டம் போட்டது முக்கியமான திருப்பம். சாக்கடையும் மழைநீர் வடிகாலும் போடுவது, ஸ்டேட்டன் ஐலண்டில் 1990களிலிருந்து பலன் தந்துவரும் முறைப்படி இயற்கையான நீர்வழி ஒன்றை இங்கே அமைத்து அதில் மழையைச் சேர்ப்பது, விற்க விரும்புகிறவரிடம் வீட்டை விலைக்கு வாங்கிக்கொள்வது, பக்கத்தில் மாநகராட்சிக்குச் சொந்தமான சுமார் 17 ஏக்கரில் எளிய வாடகை வீடுகள் கட்டுவது. இந்த நான்கும் ஒரே திட்டத்தில் சேர்ந்து வந்தால்தான் பயன். வடிகால் மட்டும் வந்தால் நிலத்தின் விலை ஏறி, இத்தனை காலம் சேற்றில் நடந்தவர்களே வாடகை கட்ட முடியாமல் வெளியேற நேரும். விலைக்கு வாங்குவது மட்டும் நடந்தால் வீட்டுக்காரர் பணத்தோடு போவார், பேஸ்மென்ட்டில் இருந்தவர் வெறுங்கையோடு போவார்.

பேஸ்மென்ட் சட்டமும் இதே முடிச்சில்தான் நிற்கிறது. 2019ல் கிழக்கு நியூயார்க்கில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கினார்கள்: கடன் தருகிறோம், பேஸ்மென்ட்டை விதிப்படி மாற்றுங்கள் என்று. ஆர்வம் காட்டியவர்கள் பலர். கூரை உயரம், இரண்டாவது வழி, தீத்தடுப்பு என்று சேர்த்துக் கூட்டினால் செலவு கைமீறியது. கொரோனா பெருந்தொற்று ஆண்டில் நிதியும் வெட்டப்பட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளே தேறின. 2024ல் மாநிலச் சட்டமன்றம் குறிப்பிட்ட சில பகுதிகளில் பேஸ்மென்ட்களை முறைப்படுத்த வழிவிட்டது. மாநகராட்சி அதற்கான விதிகளை இயற்றியது. அந்த ஆண்டு டிசம்பரில் வீட்டுமனை விதிகளும் தளர்ந்தன. ஆனால் கடலோர வெள்ளப் பகுதியிலும், பத்தாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் மழையில் மூழ்கும் பகுதியிலும் தரைக்குக் கீழே புதிதாக அனுமதி கிடையாது.

அந்த விதி சரிதான். மூழ்கும் அறைக்கு முத்திரை குத்தித் தரக் கூடாது. ஆனால் அனுமதி மறுத்த கையோடு அங்கே ஏற்கெனவே இருக்கும் குடும்பத்துக்கு மாற்று வீடு காட்டாவிட்டால், மேட்டில் இருப்பவர் மட்டும் சட்டத்துக்குள் வருவார்; பள்ளத்தில் இருப்பவர் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வார். மிகவும் ஆபத்தில் இருப்பவர்தான் கணக்கிலிருந்து விடுபடுவார்.

சில மாற்றங்கள் வந்திருப்பதை மறுக்க முடியாது. தெருக்கம்பங்களில் கையடக்கமான உணரிகள் குனிந்து தரையைப் பார்த்தபடி நிற்கின்றன. சூரிய ஒளியில் இயங்கும் இவை ஒலியலையை அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு தெருவில் எத்தனை அங்குலத் தண்ணீர் என்று அளந்து உடனுக்குடன் சொல்கின்றன. பல்கலைக்கழகங்களும் மாநகராட்சியும் சேர்ந்து நடத்தும் இந்த ‘ஃபிளட்நெட்’ வலையை 500 உணரிகளாக விரிப்பது இலக்கு. நகரத்தின் எச்சரிக்கைச் சேவை பல மொழிகளில் வருகிறது. 2023 செப்டம்பர் 29ஆம் தேதி ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் ஒரே நாளில் 8 அங்குலத்துக்கும் மேல் மழை கொட்டி ரயில்களும் சாலைகளும் முடங்கின. அன்று நகரில் உயிர்ப்பலி இல்லை. ஐடாவைப் போல ஒரே மணி நேரத்தில் கொட்டாமல் மழை நாள் முழுக்கப் பரவிப் பெய்ததும் அதற்குக் காரணம் என்பதால், ஆபத்து தீர்ந்ததென்று யாரும் கையைத் தட்டிக்கொள்ள முடியாது.

அடுத்து செய்ய வேண்டியது வெளிப்படையானது. மாநகராட்சியின் எளிய வாடகை வீடுகள் குலுக்கல் முறையில் கிடைக்கின்றன. கடன் வரலாறு இல்லாதவர்கள் அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு மாத வாடகையை ஒழுங்காகக் கட்டிய அத்தாட்சியைக் காட்டலாம் என்று 2019ல் விதியைத் திருத்தினார்கள். குடியேறிய குடும்பங்களை நினைத்துச் செய்த நல்ல திருத்தம். பேஸ்மென்ட்டில் மாதாமாதம் ரொக்கமாக வாடகை கொடுப்பவரிடம் அந்த அத்தாட்சியும் இருக்காது. பத்தாண்டு தவறாமல் கட்டியிருந்தாலும் காகிதத்தில் அவர் எங்கும் குடியிருந்ததாகவே பதிவில்லை. வெள்ள வரைபடத்தில் மூழ்குவதாகக் குறிக்கப்பட்ட தெருக்களில் இருப்பவர்களுக்கு, வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்காமலேயே பதிவு செய்துகொள்ள வழியும், குலுக்கலில் முன்னுரிமையும் கொடுத்தால் ‘தி ஹோல்’ பக்கத்து 17 ஏக்கரில் எழும் வீடுகளில் முதலில் குடியேற வேண்டியவர்கள் யாரென்று தேட வேண்டியிருக்காது. உணரிகள் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தெருக்களில் கதவைத் தட்டி, குடியிருப்பவரின் மொழியில் பேசி, பெயரைக் குறித்துக்கொள்ள ஆட்களை அனுப்பும் பொறுப்பு மாநகராட்சியுடையது.